வளர்ந்தோர் ஓடத் தொடங்கிய வரலாறு

ஓடுதல் சிறுவர்க்கு உரியது, நடத்தலே பெரியோர்க்கு அழகு என்பது நெடுங்காலம் நிலவிவந்த எண்ணமாகும். பள்ளிப் பருவம் கழிந்து, உத்தியோகமும் குடும்பமும் வந்து சேர்ந்தபின் ஒருவர் வீதியிலே ஓடுவாராயின், ஒன்றில் அவரை நாய் துரத்துகின்றது, அல்லது அவர் பஸ்ஸைத் துரத்துகின்றார் என்றே கண்டோர் கருதினர். காரணமின்றி, தம் உடல்நலத்தின் பொருட்டு மட்டும் வளர்ந்தவர்கள் ஓடலாம் என்னும் கருத்து உலகிற் பரவியது 1960ஆம் ஆண்டுகளிலேயாம். அக்கருத்துக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியரும் அல்லர், வைத்தியரும் அல்லர். நியூசிலாந்து நாட்டின் ஒக்லண்ட் நகரில், சப்பாத்துத் தொழிற்சாலையிலே வேலைசெய்த ஆதர் லிடியார்ட் என்பவரே அவர்.

1917ஆம் ஆண்டிற் பிறந்த லிடியார்ட், இளமையில் றக்பி விளையாடியவர். அதனால் தம் உடல் உறுதியானது என்றே நம்பியிருந்தார். முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஓட்டக் கழகத் தலைவர் ஒருவர் அவரை ஐந்து மைல் தூரம் தம்முடன் ஓடிவருமாறு அழைத்தார். தலைவர் இலகுவாக ஓடினார். லிடியார்ட்டோ மூச்சுத் திணறி, நெஞ்சு படபடக்கத் தள்ளாடினார். இப்பொழுதே இந்நிலையெனின், இன்னும் இருபது ஆண்டு கழிந்தபின் தம் நிலை யாதாகும் என்னும் அச்சம் அன்று அவர் உள்ளத்திற் புகுந்தது. அவ்வச்சமே அவர் வாழ்வைத் திருப்பியது.

அக்காலத்து நூல்களில் அவருக்கேற்ற விடை கிடைக்கவில்லை. எனவே தம் உடலையே ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். தொழிலுக்குச் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் ஓடினார். சில வாரங்களில் அளவுக்கு மீறி ஓடிச் சோர்ந்தார். சில வாரங்களில் குறைத்துப் பார்த்தார். இவ்வாறு பல்லாண்டு முயன்றபின் அவர் கண்ட உண்மை எளியது. இருதயத்தை வலுப்படுத்துவது குறுந்தூரத்தை வெறிகொண்டு ஓடுவதன்று. மூச்சு வாங்காத வேகத்தில் நெடுந்தூரம் ஓடுவதே. இம்முறையைக் கைக்கொண்டு, 1953இலும் 1955இலும் நியூசிலாந்தின் மரதன் ஓட்ட வீரராக அவர் வெற்றி பெற்றார்.

அவரது அயலில் வாழ்ந்த இளைஞர் சிலரும் அவரைப் பின்பற்றினர். ஒக்லண்டின் மேற்கேயுள்ள மலைப்பாதைகளில் ஞாயிறுதோறும் 22 மைல் ஓடினர். 1960ஆம் ஆண்டு உரோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில், ஒரே நாளில் பீற்றர் ஸ்னெல் 800 மீற்றர் ஓட்டத்திலும், இளமையிலே இடக்கை ஊனமுற்ற மறி ஹால்பேர்க் 5,000 மீற்றர் ஓட்டத்திலும் தங்கப் பதக்கம் வென்றனர். பரி மகீ என்பவர் மரதனில் மூன்றாமிடம் பெற்றார். உலகம் லிடியார்ட்டின் பெயரை அறிந்தது அப்பொழுதுதான்.

ஆயினும், அவர் செய்த பெருந்தொண்டு பதக்கங்களோடு முடிந்துவிடவில்லை. மாரடைப்புக்கு ஆளானவர் வாரக்கணக்கிற் படுக்கையிலே கிடத்தல் வேண்டும், அதன்பின்னும் வாழ்நாள் முழுவதும் உடலை வருத்தலாகாது என்பதே அந்நாளைய வைத்திய மரபு. இம்மரபை ஐயுறத்தக்க சான்று 1953இலேயே வெளிவந்திருந்தது. ஜெரமி மொறிஸ் என்னும் ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் இலண்டன் மாநகரப் பஸ் தொழிலாளரை ஆராய்ந்தனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, இரட்டைத் தட்டுப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிய கொண்டக்டர்களிடத்தே இருதய நோய் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டனர். ஒரே பஸ், ஒரே வீதி, வேறுபட்டது உடலுழைப்பே.

1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், உடல் பருத்த வர்த்தகர்களையும் மாரடைப்புக்கு ஆளாகித் தேறியவர்களையும் ஒன்றுசேர்த்து, ஒக்லண்டிலே மெல்லோட்டக் கழகம் ஒன்று அமைவதற்கு லிடியார்ட் துணைநின்றார். அதன் விதி மிக எளியது: ஓடும்போது அருகிலுள்ளவருடன் உரையாட இயலுதல் வேண்டும், பேச்சுத் தடைப்படின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். முதலில் விளக்குக் கம்பங்களை எண்ணி ஓடியும் நடந்தும் வந்தோர், காலப்போக்கிற் பல மைல் ஓடலாயினர். படுக்கையை அஞ்சியிருந்தவர்கள் வீதியைத் தமதாக்கிக் கொண்டனர்.

1962ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழக ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் நியூசிலாந்துக்கு வந்தார். ஐம்பது வயதைக் கடந்த அவர், புகழ்பெற்ற பயிற்சியாளராயிற்றே தாம் என்னும் எண்ணத்துடன் ஒரு நாட் காலை இம்மெல்லோட்டக்காரருடன் சேர்ந்தார். குன்றொன்றை அடைந்ததும் அவருக்கு மூச்சு முட்டியது. எழுபதைக் கடந்த, முன்னரே மாரடைப்புக் கண்டிருந்த கிழவர் ஒருவர் அவருக்காக வேகத்தைக் குறைத்து, உரையாடியபடியே அழைத்துச் சென்றார். ஓட்டம் கற்பித்தவர் ஓட்டம் கற்றது அன்றுதான்.

நாடு திரும்பிய பவர்மன் யூஜீன் நகரில் மெல்லோட்டத்தைத் தொடங்கினார். சில வாரங்களுள் கூட்டம் பெருகவே, ஆயத்தமின்றி ஓடி எவரேனும் உயிரிழப்பரோ என அஞ்சி, மக்களை வீட்டுக்கு அனுப்பினார். பின்னர் இருதய வைத்தியர் வால்டோ ஹறிஸ் என்பவருடன் சேர்ந்து, நடுவயதினர்க்குரிய முறையை ஆராய்ந்து, 1967இல் நூலொன்றை வெளியிட்டார். இலட்சக்கணக்கானோர் அதனை வாசித்து ஓடத் தொடங்கினர்.

ஆனால் ஓட்டம் சாவை வெல்லும் மருந்தன்று. ஜிம் பிக்ஸ் என்னும் அமெரிக்கர் இதற்குச் சான்று. அவர் தந்தை 43 வயதில் மாரடைப்பால் இறந்தவர். பிக்ஸ் 35 வயதில், புகைப்பழக்கத்தோடும் 200 இறாத்தலுக்கு மேற்பட்ட எடையோடும் ஓடத் தொடங்கினார். எடை குறைந்தது; புகை நின்றது. 1977இல் அவர் எழுதிய ஓட்ட நூல் பெரும்புகழ் பெற்றது. 1984இல், 52ஆம் வயதில், வீதியோரத்தில் ஓடுகையிலேயே மாரடைப்பால் இறந்தார். குருதிக் குழாய்கள் அடைபட்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. ஏளனஞ் செய்தோர் பலர். ஆயினும் தந்தையைவிட ஒன்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவ்வாண்டுகளை நோயாளியாகவன்றி ஓட்டக்காரராக வாழ்ந்தார். அதேவேளை, வைத்தியரைக் கேளாது உடலை நம்புதல் தகாது என்னும் பாடத்தையும் அவர் முடிவு விட்டுச்சென்றது.

லிடியார்ட் 2004ஆம் ஆண்டு, தம் 87ஆம் வயதில், அமெரிக்காவிலே ஓட்டத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்தச் சென்ற பயணத்தின்போது மறைந்தார். ஐந்து மைல் ஓட இயலாது வெட்கிய அந்நாளில் அவர் தம்மைக் கேட்ட கேள்விக்கு, அறுபது ஆண்டுகளுக்கு அண்மித்த வாழ்வே விடையாயிற்று. வேகமாக ஓட அவர் பலருக்குக் கற்பித்தார்; ஆயின், வளர்ந்தோர்க்கு அவர் கற்பித்தது மெதுவாக ஓடுவதையே. தன் வயதுக்கும் மூச்சுக்கும் உரிய அளவை அறிந்து, அவ்வளவிலே நாள்தோறும் தொடங்குபவனுக்குக் காலம் கடந்துவிடவில்லை.