இரண்டு தஸ்தாவேஜுகள்

பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில் வழியும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு தஸ்தாவேஜு இருக்கிறது. 1886 அக்டோபர் 29-ந் தேதி, சுமார் 8,000 ஏக்கரைத் திருவிதாங்கூர் சமஸ்தானம் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு 999 வருஷக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். அதைக் கடைசிக் குடியானவன்வரை எல்லாரும் படிக்க வேண்டும் என்பேன்.

அதே சர்க்கார் வேறு ஏடுகளும் எழுதிற்று. குற்றப் பரம்பரைச் சட்டப்படி பிறமலைக் கள்ளர்களின் பெயரும் கைரேகையும் ஏறிய பதிவேடுகள் அவை. ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. ஏட்டில் ஏறிய பெயர் ஒழியுமா?

சரித்திரம் எழுதுகிறவன் அந்தக் கட்டுகளையும் கேட்பான். சுட உத்தரவிட்டவன் யார் என்பதைத் தாராளமாகக் காட்டட்டும். பாட்டனின் ரேகையைப் பேரன் பார்க்கட்டும்; அவனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர் பார்க்க வேண்டாம்.