பதிவேடும் புனைவும்: கிளாரிந்தாவின் கதையை நாம் வாசிக்கும் முறை



நாம் கூடியிருக்கும் குவீன்ஸ்டவுன், 1953ஆம் ஆண்டில் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை நினைவுகூரும் வண்ணம் ஆட்சியாளர் பெயரிட்ட நகர். அதற்கு முன் இவ்வட்டாரத்தில் வாழ்ந்த ஹொக்கியன் மக்கள் தம் சிற்றூரைப் 'போ பே காங்' என்றனர். 'வாலில்லா ஆறு' என்பது அதன் பொருள். ஆவணம் ஒரு பெயரைக் காத்தது. முதியோர் நினைவு மற்றொன்றைக் காத்தது. இதுபோன்றே இரு பெயர்கள் தாங்கிய ஓர் ஆலயம் தமிழகத்துப் பாளையங்கோட்டையில் இருக்கிறது. திருச்சபை ஏட்டில் அது கிளாரிந்தா ஆலயம். ஊரார் வாய்மொழியில் அது பாப்பாத்தியம்மாள் கோயில். அவ்விரு பெயர்களுக்கும் உரியவள் ஒரே பெண். அவளைத் தலைவியாகக் கொண்டு 1915ஆம் ஆண்டில் அ. மாதவையா ஒரு வரலாற்றுக் காதற்புதினம் எழுதினார். அந்நூலை முன்வைத்து, காலனிய காலத்தைப் புனைவின் வழியாக அறிய முயல்வோர் எதனை நம்பலாம், எதனை வினவ வேண்டும் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாறு தரும் செய்திகளைக் காண்போம். கோகிலா என்னும் இயற்பெயர் கொண்டவளாகச் சொல்லப்படும் இப்பெண், தஞ்சையைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் குலத்தவள். இளமையிலேயே கைம்பெண் ஆனவள். ஹென்றி லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்து, அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தாள். ஆங்கிலத்தையும் கிறித்தவ சமயத்தையும் அவரிடமே கற்றாள். ஞானஸ்நானம் பெற விரும்பியபோது, தஞ்சையில் பணியாற்றிய செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ், மணமுறையின்றி வாழ்வதைக் காரணம் காட்டி மறுத்தார். அதிகாரி மறைந்த பின்னர், 1778ஆம் ஆண்டில் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனாள். 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பாளையங்கோட்டைச் சபையார் நாற்பதின்மரின் பெயர்கள் உள்ளன, முதற்பெயர் அவளுடையது. அவள் முயற்சியால் எழுந்த ஆலயத்தைச் சுவார்ட்ஸ் 1785ஆம் ஆண்டில் அர்ப்பணம் செய்தார். அப்பயணத்தின்போது அவர் தஞ்சைக்கு அழைத்துச் சென்ற சிறுவனே பின்னாளில் தமிழ்க் கிறித்தவக் கவிஞராய்ப் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

ஒரு பதிவேட்டு வரி, ஓர் அர்ப்பண நாள், சுவார்ட்ஸ் எழுதிவைத்த சில குறிப்புகள்: இவையே ஆவணச் சான்றுகளில் முதன்மையானவை. கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த அவளை லிட்டில்டன் மீட்டார் என்னும் செய்தியோ வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. சான்றின் எடை இவ்விரண்டிற்கும் ஒன்றன்று என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இனிப் புனைவுக்கு வருவோம். தமிழ்ப் புதினத்தின் தோற்றத்தில் கிறித்தவர்களின் பங்கு பெரிது. 1879ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் படைப்பு. 1891ஆம் ஆண்டின் 'ஊசோன் பாலந்தை கதை' திருகோணமலை இன்னாசித்தம்பியின் படைப்பு. முதல் தமிழ் வரலாற்றுப் புதினம் எனக் கருதப்படும் 'மோகனாங்கி' 1895ஆம் ஆண்டில் வந்தது. அதன் ஆசிரியர் சரவணமுத்துப் பிள்ளையும் திருகோணமலைக்காரரே. மாதவையாவோ கிறித்தவர் அல்லர். 1872ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். உப்புத் துறையில் அரசுப் பணி புரிந்தவர். 'பத்மாவதி சரித்திரம்', 'முத்துமீனாட்சி' ஆகிய புதினங்களில் பெண்கல்வியையும் கைம்பெண்களின் துயரையும் பேசியவர். அவர் கிளாரிந்தாவிடம் கண்டது சமயமாற்றத்தை மட்டுமன்று. தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொண்ட ஒரு கைம்பெண்ணையும் கண்டார்.

ஆவணம் குற்றம் கண்ட இடத்திலேயே புதினம் காதலைக் காண்கிறது. மறைப்பணியாளரின் நோக்கில் அதிகாரியோடு வாழ்ந்த ஆண்டுகள் ஞானஸ்நானத்திற்குத் தடை. புதின ஆசிரியரின் நோக்கில் அவ்வாண்டுகளே கதையின் உயிர். பதிவேட்டில் இடம்பெறாத அச்சமும் அன்பும் தனிமையும் புனைவில் உருவம் பெறுகின்றன. இதனைப் புனைவின் பேறு எனலாம்.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சுதேசியரின் தீயிலிருந்து ஒரு பெண்ணை வெள்ளை அதிகாரி மீட்கும் காட்சி, காலனிய ஆட்சி தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ள விரும்பிய கதையோடு எளிதில் பொருந்திவிடுவது. கம்பெனி ஆட்சி உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தது 1829ஆம் ஆண்டிலேதான். அதாவது கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே. அக்காலத்தில் கம்பெனி அதிகாரிகள் பலர் இந்தியப் பெண்களை மணஞ்செய்யாமலே துணையாகக் கொண்டிருந்தனர். சுற்றத்தார் கைவிட்ட ஒரு கைம்பெண்ணுக்கும் படைபலம் உடைய ஓர் அதிகாரிக்கும் இடையே நிகழ்ந்ததை வாசகர் காதல் என்றே கொள்ளலாம். ஆயின் அவள் மறுத்திருக்கக்கூடுமா, மறுத்தால் எங்கே போயிருப்பாள் என்னும் வினாக்களை விட்டுவிடலாகாது. மாதவையா எழுதியதும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழித்தே. எனவே அந்நூல் பதினெட்டாம் நூற்றாண்டைப் பேசினும், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சீர்திருத்தவாதியின் ஏக்கங்களையே மிகுதியாக நமக்குக் காட்டுகிறது.

மற்றொரு முரணும் உண்டு. தஞ்சையிலும் நெல்லையிலும் நிகழ்ந்த இக்கதையை மாதவையா ஆங்கிலத்தில் எழுதினார். பிற்காலத்தில் சரோஜினி பாக்கியமுத்துவின் மொழிபெயர்ப்பினால்தான் அது தமிழுக்கு வந்தது. அவ்வாசிரியரே 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப்பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தபின் சாய்ந்து உயிர்நீத்தார். இரு மொழிகளுக்கிடையே வாழும் சிங்கப்பூர்த் தமிழர்க்கு இம்முரண் புதிதன்று.

லிட்டில் இந்தியாவில் ஷார்ட் ஸ்திரீட்டின் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையையும், 1888ஆம் ஆண்டில் தமிழ்க் கத்தோலிக்கர்க்காக ஓபிர் சாலையில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தையும் நாம் அறிவோம். கடல்கடந்து வந்த நம் முன்னோர் பலரின் வாழ்விலும், ஏடுகளில் எஞ்சியது ஒரு பெயரும் ஒரு நாளுமாகவே இருத்தல் கூடும். நாளை அவர்களைப் பற்றிப் புதினம் எழுதப்போகிறவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களாகவும் இருக்கலாம்.

அவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் நாம் வேண்டுவது ஒன்றே. வரலாற்றுக் காதற்புதினம் ஒன்றை வகுப்பில் வாசிக்குங்கால், ஏடு சொல்வது எது, ஊர் சொல்வது எது, ஆசிரியர் சேர்த்தது எது என மூன்றாக வகுத்து எழுதச் செய்யுங்கள். அதன்பின், அப்பெண் தானே சொன்னது எது என்று கேளுங்கள். கிளாரிந்தாவைப் பொறுத்தவரை அந்நான்காம் பகுதி ஏறத்தாழ வெறுமையாகவே நிற்கும். அவ்வெறுமையை உணர்ந்த மாணவர், புதினத்தைக் குறைவாக நேசிக்கப்போவதில்லை. வரலாற்றைக் கூடுதல் பொறுப்போடு எழுதுவர்.