மண்ணெண்ணெயில் ஓடிய வன்னியும் பூட்டிக்கொண்ட குழாய்களும்

வாகனத்தின் எரிபொருட் குழாயில் எத்தனை இணைப்புகள் உள்ளன, அவற்றை யார் கழற்றலாம் என்பதெல்லாம் பொறியியலாளரின் கவலை என்றுதான் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். 1990 முதல் 2002 வரை வன்னியில் வாழ்ந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே ஓடிய மோட்டார் சைக்கிள்களும் கார்களும் பெரும்பாலும் ஓடியதற்குக் காரணம், அந்த இணைப்புகளை ஒரு குறட்டைக் கொண்டு எவரும் கழற்றமுடிந்தது என்பதே.

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சென்றால் ஓமந்தையைத் தாண்டி வருவது புளியங்குளம். நெடுங்கேணி வீதி பிரிகின்ற சந்தி அது. யாழ்ப்பாணப் புகையிரதப் பாதையில் ஒரு நிலையமும் கூட. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது புகையிரதம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை என்று நீண்ட பட்டியல். விளக்கெரிக்கவும் அடுப்பெரிக்கவும் என மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் அனுமதிக்கப்பட்டது. தடைப்பட்டியலை எழுதியவர்கள், விளக்குக்குப் போகும் எண்ணெய் வண்டிக்கும் போகும் என்பதை எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ!

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. எஞ்சின் சூடேறிவிட்டால் ஒருவாறு எரியும். ஆனால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து 'டக் டக்' என இடிக்கும், புகை கக்கும், பிளக்கிற் கரி படியும். எனவே, கிளப்புவதற்குச் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய் என்பதே வழி. மருத்துவமனைச் சேலைன் போத்தலும் அதன் மெல்லிய குழாயும் இதற்கெனவே அமைந்தவைபோல் உதவின. போத்தலிற் பெற்றோல், குழாய் காபரேற்றருக்கு. எஞ்சின் சூடேறியதும் அதை அடைத்துவிட்டு மண்ணெண்ணெய்த் தாங்கியைத் திறந்தால் வண்டி ஓடும்.

இதனை வன்னியின் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுவோர் உண்டு. உண்மை சற்று வேறு. 1949இலேயே இங்கிலாந்தின் பேர்கசன் நிறுவனம், பெற்றோலிற் கிளம்பி, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடும் உழவு இயந்திரத்தைத் தயாரித்து விற்றது. போருக்குப் பிந்திய எரிபொருட் பஞ்சம் அங்கேயும் இருந்தது. அந்த இயந்திரம் குறைந்த அமுக்க விகிதத்தோடு இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வன்னியின் ஹொண்டா 50உம் மொரிஸ் மைனரும் அப்படியல்ல. தமக்கு ஒவ்வாத உணவை உண்டு அவை ஓடின. நம்மவரின் திறமை அங்கேதான் இருக்கின்றது.

அது ஏன் இயன்றது? மோட்டார் சைக்கிளின் தாங்கி மேலே, காபரேற்றர் கீழே. எரிபொருள் தன் பாரத்தினால் இறங்குகின்றது. அக்குழாயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் இருபதில் ஒரு பங்குகூட இராது. றப்பர் குழாயைப் பித்தளை முனையிற் செருகி, ஒரு கம்பியாற் சுற்றினாற் போதும். டீசல் வண்டிகளின் கதை கடினமானது. அவற்றின் பம்பு நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்திலே எரிபொருளைச் செலுத்துகின்றது. அந்தப் பம்புக்கு மசகும் டீசலே. வறண்ட மண்ணெண்ணெய் அதனைத் தேய்த்துவிடும் என்பதால் எண்ணெய் கலந்து ஊற்றினார்கள். ஆயினும் அங்கேயும் உருக்குக் குழாயின் முனையில் இருந்தது ஒரு திருகுமரைதான். சாவி ஒன்றிருந்தால் கழற்றலாம், காற்றை வெளியேற்றலாம், மீண்டும் இறுக்கலாம்.

1997 மே 13இல் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிற்று. இராணுவம் புளியங்குளத்தை நோக்கி நகர, அச்சந்தி மாதக்கணக்கிற் போர்முனையாயிற்று. ஊரை விட்டு நகர்ந்த மக்களையும் காயமடைந்தோரையும் சுமந்தவற்றில் இந்த மண்ணெண்ணெய் வண்டிகளும் இருந்தன. பழுதடைந்த ஒரு றப்பர் குழாயை மாற்ற எடுக்கும் ஐந்து நிமிடத்தின் பெறுமதியை அப்பாதையில் வந்தவர்கள் அறிவார்கள். 1999 நவம்பரிற் புலிகள் புளியங்குளத்தை மீளக் கைப்பற்றினர். போர்முனை ஓமந்தைக்குப் பின்வாங்கிற்று.

இதே காலத்தில், வெளியுலகின் வாகனங்களில் அந்த றப்பர் குழாயும் கம்பியும் மறைந்துகொண்டிருந்தன. காபரேற்றரின் இடத்தில் எரிபொருளைப் பீச்சும் முறை வந்தது. அதன் குழாயில் எப்போதும் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தம் நிற்கும். கம்பி சுற்றிய குழாய் அங்கே கழன்றால் பெற்றோல் சொட்டாது. சூடான புகைபோக்கியின் மேல் பீறிடும். வண்டி தீப்பற்றும். ஆகவே 1980களில் விரைவு இணைப்புகள் வந்தன. மேடு வைத்த குழாய்முனையை மறுபாதிக்குள் தள்ளினால், உள்ளேயுள்ள கிளிப் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். றப்பர் வளையங்கள் கசிவை அடைக்கும். வட்ட வளையமாகிய அந்தச் சிறு றப்பருக்கு 1939இற் காப்புரிமை பெற்றவர் நீல்ஸ் கிறிஸ்தென்சன் என்ற டென்மார்க் நாட்டவர். அமெரிக்காவிற் குடியேறி, முன்னரே டிராம் வண்டிகளுக்குக் காற்றுத் தடை செய்தவர். கழற்றுவதற்குக் குறடு உதவாது. தனிக் கருவி வேண்டும்.

இருபுறமும் தானே அடைத்துக்கொள்ளும் இணைப்பு உழவு இயந்திரக்காரருக்குப் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். பெட்டியைத் தூக்கிக் கொட்டும் இயந்திரங்களின் பின்புறத்தில் அது உண்டு. பிரித்தவுடன் இரு பாதிகளிலுமுள்ள வால்வுகள் வில்லின் விசையால் மூடிக்கொள்ள, எண்ணெய் சிந்தாது. ஆனால் மூடியின்றி விட்டாற் செம்மண் தூசியே அதைக் கெடுத்துவிடும்.

2002 சனவரியிற் தடை தளர்ந்தது. பெப்ரவரியிற் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 யாழ்ப்பாணம் வரை திறந்தது. புளியங்குளத்திலே புலிகளின் சோதனை நிலையம் அமைந்தது. தெற்கிலிருந்து வந்த வாகனங்கள் அங்கே வரிசையில் நின்றன. அவற்றுட் புதியனவற்றில், வன்னிக் கைகள் அறியாத இந்தப் பூட்டிய குழாய்கள் இருந்தன. சேலைன் போத்தலுக்கு இனி வேலையில்லை என்று அன்று எவரும் நம்பியிருக்கலாம்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் அற்றுப்போயிற்று. யூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. வன்னி பழைய வித்தைக்குத் திரும்பமுடியவில்லை. பம்பு தாங்கிக்குள் இருக்கும் வண்டியிற் துளித்துளியாகப் பெற்றோல் விட இடமில்லை, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. தடைக்காலத்துக்குக் கைகொடுத்தது அறிவு மட்டுமன்று, திறக்கக்கூடிய பொருளும் சேர்ந்தே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று கராச்சிற் பழகும் இளைஞன் முதலிற் படிப்பது இதுதான்: பம்பின் பியூசைக் கழற்று, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிடு, குழாயின் அழுத்தம் இறங்கட்டும். அதன்பின்பே கிளிப்பில் கை வை.