பழைய டிராக்டரும் உதிரி பாகமும்



பொன்னேரிப் பக்கத்தில் ஒரு விவசாயி. புரட்டாசி மாதம், சேற்று உழவு நடக்கிற நேரம். தாத்தா காலத்து ஃபெர்குசன் 35 டிராக்டர் புகை கக்கி நின்றுவிட்டது. "ஆயில் குடிக்குது சார், ரிங் போயிருக்கும்" என்றார். மாடல் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அவரைப் பட்டணத்துக்கு அனுப்பியவன் நான்தான். ரிங் வாங்கி வந்தார், பொருந்தவில்லை! நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தவறு கடைக்காரருடையது அல்ல, என்னுடையது. ஏன் என்று கேட்டால், கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1959-ஆம் ஆண்டுக்கு முன் நம் நாட்டில் டிராக்டர் தயாரிப்பு கிடையாது. ராயபுரத்துக்குப் பக்கத்திலே இருக்கிறதே துறைமுகம், அதுபோன்ற துறைமுகங்களில் கப்பலில் வந்து இறங்கியவைதாம் எல்லாம். 1956-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ஃபெர்குசன் 35 டீசல் வண்டிக்கு ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். சில ஆண்டுகளிலேயே அதே 35-க்கு பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்துவிட்டது. முன்னதன் சிலிண்டர் விட்டம் சுமார் 84 மில்லிமீட்டர், பின்னதற்கு 91. பெயர் ஒன்று, வயிறு வேறு! மாடல் பெயரை மட்டும் சொன்னால் ரிங் எப்படிப் பொருந்தும்?

இனி நம் வடசென்னைக்கு வருவோம். செம்பியத்தில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியது. பெர்கின்ஸ் வகை எஞ்சினை சிம்சன் கம்பெனி இங்கேயே செய்தது. 1960-ல் தோன்றிய டாஃபே, 1961-ல் மாஸி ஃபெர்குசன் டிராக்டரைச் செம்பியத்தில் தயாரிக்க ஆரம்பித்தது. பிஸ்டன், எஞ்சின், டிராக்டர் மூன்றும் ஒரே வட்டாரம். உள்ளூரில் செய்த மூன்று சிலிண்டர் வண்டிக்கு உதிரி பாகம் சுலபமாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

எண்ணூரில் ஆலை வைத்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் திருவொற்றியூருக்கு என்ஃபீல்டு வந்தது. இப்படிப்பட்ட ஆலைகள் வளர வளர, கடைசல் பிடிப்பவரும் ஃபிட்டரும் இந்தப் பக்கம் பெருகினார்கள். லேத் பட்டறைகளும் காயலான் கடைகளும் பெருகின.

அப்படியொரு பட்டறையில்தான் நம் விவசாயியின் சிக்கல் தீர்ந்தது. பழைய பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்த பெரியவர், "இது நாலு சிலிண்டர் சாமானாச்சே தம்பி!" என்றார். சரியான ரிங் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் வாடகை டிராக்டரில் உழவை முடித்துவிட்டார். அந்தப் பணம் அவருக்கு நஷ்டம்தானே?

ஆகவே, கடைக்குப் போகுமுன் எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். தேய்ந்த பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகளின் மரை அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் போல்டைப் போட்டு முறுக்கினால் மரை அழிந்துவிடும். புஷ், பின் போன்றவற்றை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ரிங், பேரிங், நாசில் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இன்னொன்று. பிஞ்சூரில் எச்.எம்.டி. டிராக்டர் உற்பத்தியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆலை மூடினாலும் வண்டி வயலில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் சீல், ஃபில்டர், ரிங் செட் இவற்றைச் சித்திரையிலேயே வாங்கி வைப்பது நல்லது. புரட்டாசியில் தேடினால், நாற்று நமக்காகக் காத்திருக்காது.