அம்மா ஓட்டணும், அம்பாசடர்தான் ஓட்டணும்

கம்பத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வீட்டுல 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 இருக்கு, பெட்ரோல். இத்தனை வருஷமா அப்பாதான் ஓட்டினார். இப்போ அவருக்குக் கண்ணுல பிரச்சனை, டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னுட்டார். மாசம் ரெண்டு தடவை க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகணும். அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்கு, நல்லாவே ஓட்டுவாங்க, ஆனா இடது முழங்கால் தேய்மானம். "அண்ணே, அம்மா ஓட்டுற மாதிரி இந்த வண்டியை மாத்த முடியுமா? விக்கச் சொன்னா அப்பா சாப்பிடாம உக்காந்துருவார்." இதுதான் கேள்வி.

நம்மளோடது ஹிஸ்டரி பாட்காஸ்ட், கராஜ் இல்ல. ஆனா இதைத் தோண்டப் போனா, கார்ங்கிற பொருளோட கதையில பாதி இந்த ஒரே கேள்விக்குள்ள இருக்கு. புருஷன் தன் அளவுக்கு ஒரு வண்டி வச்சிருக்கார், பொண்டாட்டி அதை ஓட்டணும், என்னென்ன மாத்தணும்?

முதல் கேஸ் 1888 ஆகஸ்ட், ஜெர்மனி. கார்ல் பென்ஸ் மூணு சக்கர மோட்டார் வண்டி செஞ்சு காப்புரிமையும் வாங்கிட்டார், ஆனா வாங்கத்தான் ஆள் இல்ல. அவர் மனைவி பெர்தா கணவர்கிட்ட சொல்லாம, ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, மேன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம்ல இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. ஏறத்தாழ 105 கிலோமீட்டர். தேனியில இருந்து மதுரை தாண்டி இன்னும் கொஞ்ச தூரம்னு வச்சுக்கோங்க. வழியில பெட்ரோல் பங்க் கிடையாது. மருந்துக் கடையில சுத்தம் செய்யிற திரவத்தை வாங்கி ஊத்தினாங்க. எரிபொருள் குழாய் அடைச்சப்போ தொப்பி ஊசியால குத்தி எடுத்தாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சப்போ ஒரு செருப்புத் தைக்கிறவரைப் பிடிச்சு அதுல தோல் அடிக்கச் சொன்னாங்க. பிரேக் லைனிங்ங்கிற விஷயமே அங்க இருந்துதான் வருதுன்னு சொல்றாங்க.

இதையெல்லாம் எல்லா யூடியூபரும் சொல்லிட்டாங்க. எனக்கு முக்கியமா படறது வேற. மேடு வந்தா அந்த வண்டி ஏறல, பசங்க இறங்கித் தள்ள வேண்டியிருந்துச்சு. திரும்பி வந்து, மேட்டுக்குன்னு தனியா இன்னொரு கியர் வேணும்னு பெர்தா சொன்னாங்க, கார்ல் சேர்த்தார். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, முதல் யூசர் டெஸ்டிங் பண்ணி, முதல் பக் ரிப்போர்ட் போட்டது டெவலப்பரோட மனைவி. போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவுலயும் ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஏறறவங்க எல்லாரும் அந்தம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லலாம். சொல்லப்போனா, பென்ஸ் கம்பெனியில போட்ட காசுலயும் பெர்தாவோட சீதனப் பணம் உண்டு.

ரெண்டாவது கேஸ் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஹென்றி ஃபோர்ட். உலகத்துக்கே கார் குடுத்த மனுஷன். அவரோட மாடல் டி-யை ஸ்டார்ட் பண்ண முன்னாடி நின்னு கம்பியைச் சுத்தணும். எஞ்சின் திருப்பி உதைச்சா மணிக்கட்டு உடையும். நம்ம ஊர்ல பழைய லாரி, டிராக்டர் ஓட்டின தாத்தாக்களைக் கேளுங்க, ஹேண்டில் அடிக்கும்போது கட்டைவிரலைச் சுத்திப் பிடிக்காதேன்னுதான் முதல் பாடமே ஆரம்பிக்கும். ஃபோர்டோட மனைவி கிளாரா என்ன ஓட்டினாங்க தெரியுமா? 1914 டெட்ராய்ட் எலக்ட்ரிக். போட்டிக் கம்பெனியோட பேட்டரி கார்! சத்தம் இல்ல, புகை இல்ல, கியர் இல்ல, சுத்த கம்பி இல்ல. ஸ்டியரிங் வீலுக்குப் பதிலா ஒரு நீளக் கைப்பிடி. அந்தக் கார் இப்பவும் ஃபோர்ட் பேர்ல இருக்கிற அருங்காட்சியகத்துல நிக்குது.

கோடிக் கணக்குல கார் வித்த மனுஷன், தன் காரை மனைவி ஓட்டற மாதிரி மாத்தல, வேற கார் வாங்கிக் குடுத்துட்டார். கம்பிக்கு மாற்று அப்போ இல்லாமலும் இல்ல. சார்லஸ் கெட்டரிங் செஞ்ச எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்லயே வந்தாச்சு. மாடல் டி-க்கு அது வந்தது 1919ல. ஸ்டார்ட்டர் பரவினதும் நடந்த இன்னொரு விஷயம்: "லேடீஸ் கார்"னு வித்துக்கிட்டிருந்த எலக்ட்ரிக் கார்களுக்கு மவுசு போயிடுச்சு. அந்த ஒரு பட்டன் பெண்களுக்கு மட்டுமான வசதின்னு பேசினாங்க. கடைசியில கம்பி சுத்தற வேலையை விட்டுட்டு முதல்ல ஓடினது ஆம்பளைங்கதான்.

இந்தியாவுல 1905லயே கார் ஓட்டினவங்கன்னு ஜே.ஆர்.டி. டாட்டாவோட அம்மா சூசான் பேரைச் சொல்றாங்க. பிரெஞ்சுக்காரங்க, பெரிய வீடு. அதுக்கும் நம்ம பள்ளத்தாக்குக்கும் சம்பந்தம் இல்ல. இங்க கார்னா கடைசி வரைக்கும் அம்பாசடர்தான், அதனால அதுக்கே வருவோம்.

அம்பாசடரோட தாய் வண்டி இங்கிலாந்தோட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3. ஐம்பதுகளோட கடைசியில உத்தரபாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பிச்சது 2014 மே வரைக்கும் ஓடுச்சு. மார்க் 2, 3, 4னு பேர் மாறும், கிரில் மாறும், உள்ள இருக்கிற மனுஷனோட அளவு மட்டும் மாறாது. அந்த மனுஷன் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. பின் சீட்டுல கலெக்டர், முன்னாடி சம்பளத்துக்கு ஒரு டிரைவர். ஓட்டறவரோட வசதி இந்த வண்டியில கடைசி முன்னுரிமை.

நேயரோட அம்மா உக்கார்ற இடத்துல இருந்து பாருங்க. முன் சீட் ஒரே நீளப் பெஞ்சு. உயரம் கம்மியானவங்க பெடல் எட்டணும்னு முன்னாடி இழுத்தா மொத்தப் பெஞ்சும் வரும். பக்கத்துல உக்கார்ற ஆறடி அப்பாவோட முட்டி டேஷ்போர்டுல இடிக்கும். நாற்பது வருஷமா சௌகரியமா உக்காந்தவருக்கு அது ஒரு நல்ல அனுபவம்தான். ஸ்டியரிங் வீல் பெரிசு. அது அழகுக்கு இல்ல. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில வீலோட ஆரம் கூடக்கூடத் திருப்பற பலம் குறையும், அவ்வளவுதான். ஸ்போர்ட்டியா இருக்கட்டும்னு சின்ன வீல் மாட்டறவங்க அதை மறந்துடறாங்க. கியர் ஸ்டியரிங் தண்டுல, ஹேண்ட் கியர். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கிளட்ச் இடது கால்ல. அதோட போகல, பழைய அம்பாசடர்ல ஹெட்லைட் டிம் அடிக்கிற ஸ்விட்ச்சும் தரையில இடது காலுக்குத்தான். ராத்திரி கம்பத்துல இருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறிப் பாருங்க. எதிர்ல கேரளா லாரி, வளைவு, கிளட்ச், டிம், கிளட்ச், டிம். நல்ல முழங்காலே கேள்வி கேக்கும்.

இந்தப் பள்ளத்தாக்குல வண்டியும் பெண்களும்னா முதல்ல கண்ணுல படறது ஜீப்தான். விடியறதுக்கு முன்னாடியே கம்பம், தேவாரம், போடியில இருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஜீப்பா பெண்கள் மலை ஏறறாங்க. ஸ்டியரிங்ல உக்கார்றது மட்டும் அநேகமா ஆம்பளை. அதே பெண்கள் கையில ஸ்கூட்டி வந்ததும் ஊரையே சுத்தி வர்றாங்க. ஆக ஓட்டத் தெரியாம இல்ல, வண்டி அவங்களுக்கு ஏத்த மாதிரி வந்ததும் ஓட்டறாங்க. கிக்கரை உதைக்காம பட்டனை அமுக்கினா ஸ்டார்ட் ஆகுது, கியர் போட வேண்டாம். 1984ல கைனெட்டிக் ஹோண்டா அப்படித்தான் வந்துச்சு. கார்ல கெட்டரிங் செஞ்ச வேலை, நம்ம ஊருக்கு ரெண்டு சக்கரத்துல வந்து சேர எழுபது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

இப்போ கிளட்ச். இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஐம்பதுகள்ல அதே மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு இங்கிலாந்துல "மேனுமேட்டிக்"னு ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. ரெண்டே பெடல். கியர் குமிழைத் தொட்டா உள்ள ஒரு ஸ்விட்ச் விழும். எஞ்சின் காத்தை உறிஞ்சும்போது உண்டாகிற வெற்றிடம் கிளட்ச்சை இழுத்துப் பிடிக்கும். கியர் விழுந்ததும் விட்டுடும். கொஞ்சம் வம்பு பிடிச்ச சாதனம், அங்கயே பெரிசா ஓடல. ஆனா இந்த உடம்புக்குள்ள இடது கால் இல்லாம ஓட்டற வழி ஒண்ணு அப்பவே இருந்திருக்கு. நம்ம ரோட்டுல நாம பார்த்த அம்பாசடர்ல எல்லாம் மூணு பெடல்தான்.

இன்னிக்கு மாற்றுத்திறனாளிகளுக்குன்னு மாட்டித் தர்ற ஆட்டோ கிளட்ச் கிட் பலதும் அதே தத்துவம்தான். கியர் குமிழ்ல ஸ்விட்ச், வெற்றிடத்துல வேலை செய்யிற ஒரு உருளை, கூட ஒரு சேமிப்பு டேங்க். நேயரோட வண்டி பெட்ரோல்ங்கிறது அதிர்ஷ்டம். பெட்ரோல் எஞ்சின்ல மேனிஃபோல்டுலயே வெற்றிடம் கிடைக்கும். டீசலா இருந்தா அதுக்குத் தனி பம்ப் வேணும். மேட்டுல எஞ்சின் அணைஞ்சா டேங்க்ல மிச்சம் இருக்கிறதை வச்சு ஒண்ணு ரெண்டு தடவைதான் கியர் மாத்தலாம். அதனால மாட்டறவர் கிளட்ச் பெடலைக் கழட்டறேன்னு சொன்னா விடாதீங்க. பெடல் அங்கயே இருக்கட்டும், அவசரத்துக்கு.

பவர் ஸ்டியரிங் கதை சுருக்கமா. ஃபிரான்சிஸ் டேவிஸ்னு ஒருத்தர் 1926லயே ஓட்டிக் காட்டிட்டார், கடையில விக்க ஆரம்பிச்சது 1951 கிரைஸ்லர் இம்பீரியல்ல. நடுவுல இருபத்தஞ்சு வருஷம் எல்லார் தோளும் வலிச்சிருக்கு. இப்போ கராஜ்ல சின்னக் கார்களோட எலக்ட்ரிக் ஸ்டியரிங் தண்டைக் கழட்டி அம்பாசடர்ல மாட்டறாங்க. எனக்கு இதுல பயம் உண்டு. அந்த மோட்டார் வண்டியோட வேகத்தை வச்சுத்தான் உதவியைக் கூட்டிக் குறைக்கும். வேகத் தகவல் இல்லைன்னா ஒரே அளவுல தள்ளும், வேகமா போறப்போ ஸ்டியரிங் லேசா மிதக்கிற மாதிரி இருக்கும். வெல்டிங் சரியில்லைன்னா அது வேற கதை. டயர்ல காத்து சரியா வச்சு, அலைன்மென்ட் பார்த்து, ஸ்டியரிங் மூட்டுகளுக்கு கிரீஸ் அடிச்சாலே பாதி கனம் குறையும். முதல்ல அதைப் பண்ணுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற விவரமும் தயாரிப்பாளர் சொன்ன விவரமும் வேறாகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்குல சொல்லிடுச்சு. அதே வருஷச் சட்டத் திருத்தத்துல, உடல் குறைபாடு உள்ளவங்களுக்காக மாத்தின வண்டிக்குன்னு தனி வரையறையும் வந்துச்சு. பதிவு அதிகாரியோட அனுமதியில அதுக்கு வழி இருக்கு. அதனால இசுசு எஞ்சினும் ஃப்ளோர் கியரும் போட்டுத் தர்றேன்னு யாராவது சொன்னா யோசிங்க. எஞ்சின் நம்பர் மாறினா ஆர்.சி. மாறணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியணும். கிட்டுக்கும் அப்படித்தான். அம்மாவோட முழங்காலுக்கு டாக்டர் சான்றிதழ் வாங்கி, தேனி ஆர்.டி.ஓ. ஆஃபீஸ்ல எழுத்துல கேட்டு, அப்புறம் மாட்டுங்க. விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா நிக்கப்போறது அம்மா.

என் கருத்து என்னன்னா, ஆஸ்பத்திரி அவசரத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் சின்னக் கார்தான் புத்திசாலித்தனம். ஆமா, ஹென்றி ஃபோர்ட் பண்ணதுதான்! சிரிக்காதீங்க. கிளாரா அந்த எலக்ட்ரிக் காரைப் பல வருஷம் வச்சு ஓட்டினாங்க, அது அவங்க கார். அப்பாவோட காரை அம்மா இரவல் வாங்கின மாதிரி இல்ல.

இதை நேயர்கிட்ட ஃபோன்ல சொன்னேன். அம்மாவே ஃபோனை வாங்கினாங்க. "தம்பி, வேற வண்டி வேண்டாம். இந்த வண்டியில முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்தே எங்க சத்தம் வரும், எங்க சூடாகும்னு தெரிஞ்சு வச்சிருக்கேன். புது வண்டி நின்னா எனக்கு ஒண்ணும் தெரியாது." அந்த வாதத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதனால முடிவானது இப்படி. முதல் வேலை டிம் ஸ்விட்ச் தரையில இருந்து கைக்கு வரணும். சின்ன ரிலே, எலக்ட்ரீசியனுக்கு அரை நாள் வேலை. அடுத்தது கியர் லிங்க்கேஜ் புஷ்ஷெல்லாம் புதுசு. தேய்ஞ்ச புஷ்தான் பழைய ஹேண்ட் கியரைச் சண்டை மாடு ஆக்குது. பெஞ்சை அப்படியே விட்டுட்டு அம்மா பக்கம் மட்டும் முதுகுக்கும் அடியிலயும் கெட்டிக் குஷன், வழுக்காத மாதிரி கட்டி. பிரேக் டிரம்மும் லைனிங்கும் பார்த்தாகணும். கிட் அனுமதி வந்த பிறகுதான். அதுவரைக்கும் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி வழியா தேனி வரைக்கும் சமதளம் மட்டும், பகல்ல மட்டும். குமுளி பக்கம் திரும்பறது இல்லன்னு அம்மா ஒத்துக்கிட்டாங்க. அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் குஷன் அவர் பக்கமும் ஒண்ணு கிடைக்குமான்னு.