தொலைந்துபோன கோள்: நல்ல தவறும் கெட்ட கதையும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஒரு பெரிய கோள் இருந்ததாம். அதில் நம்மைப் போன்ற உயிர்கள் வாழ்ந்தார்களாம். அணுகுண்டுப் போர் வந்து கோளே சுக்குநூறாக வெடித்துவிட்டதாம். அந்தச் சில்லுகள்தான் இப்போது அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்களாம்!

இந்தக் கதையை எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்டதும் சிரிப்புதான் வரும். ஆனால் உயிர்களையும் அணுகுண்டையும் எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். 200 ஆண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவின் தலைசிறந்த வானியலாளர்களில் ஒருவர் அதைத்தான் சொன்னார். அவர் பைத்தியக்காரர் இல்லை. நல்ல காரணங்களோடுதான் சொன்னார். அப்படிப்பட்ட ஒரு கருத்து எப்படி அறிவியலிலிருந்து கழன்று வதந்தி ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு எண் விளையாட்டு

0, 3, 6, 12, 24, 48, 96 என்று எழுதிக்கொள்ளுங்கள். 3-க்குப் பிறகு ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. எல்லாவற்றோடும் 4-ஐக் கூட்டுங்கள். 4, 7, 10, 16, 28, 52, 100 கிடைக்கும். சூரியனிலிருந்து பூமியின் தூரத்தை 10 என்று வைத்துக்கொண்டால், புதன் ஏறத்தாழ 4, வெள்ளி 7, செவ்வாய் 15, வியாழன் 52, சனி 95. அசத்தலாகப் பொருந்துகிறது, இல்லையா? ஒரே ஒரு குறை. 28-ல் ஒன்றுமே இல்லை.

இதை 1766-ல் எழுதியவர் ஜெர்மனியின் விட்டன்பர்க் பேராசிரியர் யோகான் டிட்டியஸ். அதுவும் தன் சொந்தப் புத்தகத்தில் இல்லை. இன்னொருவர் எழுதிய நூலை மொழிபெயர்க்கும்போது நடுவில் செருகிவிட்டார்! 1772-ல் யோகான் போடே இதை எடுத்துப் பரப்பியதால் 'டிட்டியஸ்-போடே விதி' என்று பெயர் நிலைத்தது.

1781-ல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். விதிப்படி அடுத்த இடம் 196. யுரேனஸ் இருந்தது 192-ல். அவ்வளவுதான், எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. அப்படியானால் 28-லும் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

வானத்துப் போலீஸ்

1800 செப்டம்பரில் லிலியன்தால் என்ற ஊரில் பிரான்ஸ் சேவர் வான் ஸாக் தலைமையில் சில வானியலாளர்கள் கூடினார்கள். ராசி மண்டலத்தை 24 துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு ஒருவர் என்று ஆளை வைத்துத் தேடுவது என்று முடிவு. தங்களுக்குத் தாங்களே 'வானத்துப் போலீஸ்' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் போலீஸ் வேலையைத் தொடங்கும் முன்பே ஆள் சிக்கிவிட்டது. 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலேர்மோவில் ஜுசெப்பே பியாஸி நட்சத்திரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சிறு புள்ளி தினமும் இடம் மாறுவதைக் கவனித்தார். அதுதான் சீரிஸ். பிப்ரவரி வரை பார்த்தார், பிறகு நோய்வாய்ப்பட்டார். அதற்குள் அது சூரிய ஒளியில் மறைந்துவிட்டது. எங்கே போய்த் தேடுவது? 24 வயது கணித மேதை கார்ல் காஸ், கிடைத்த சொற்ப அளவீடுகளை வைத்து அதன் பாதையைக் கணக்கிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அது மறுபடி அகப்பட்டது. தூரம் 27.7!

கதை இங்கே சுபம் போட்டு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1802 மார்ச்சில் ஜெர்மானிய மருத்துவரும் வானியலாளருமான ஹைன்ரிக் ஓல்பர்ஸ், கிட்டத்தட்ட அதே தூரத்தில் இன்னொன்றைக் கண்டார். அது பாலஸ். ஒரு கோள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. இரண்டுமே பொடிசுகள்.

ஓல்பர்ஸ் சொன்னது

ஓல்பர்ஸ் ஒரு யோசனை சொன்னார். இவை இரண்டும் உடைந்துபோன ஒரு பெரிய கோளின் துண்டுகளாக இருக்கலாம். இதோடு அவர் நிறுத்தவில்லை. எல்லாத் துண்டுகளும் ஓரிடத்தில் நடந்த வெடிப்பிலிருந்து கிளம்பியிருந்தால், அவற்றின் பாதைகள் அந்த இடம் வழியாகத் திரும்பத் திரும்ப வரவேண்டும். சீரிஸ், பாலஸ் பாதைகள் வானில் இரண்டு பக்கங்களில் நெருங்கி வந்தன. ஒன்று கன்னி மண்டலத்தில், மற்றது நேர் எதிரே திமிங்கில மண்டலத்தில். அங்கே தேடுங்கள், இன்னும் கிடைக்கும் என்றார்.

கிடைத்தது! 1804-ல் கார்ல் ஹார்டிங், திமிங்கில மண்டலத்துக்குப் பக்கத்தில் ஜூனோவைக் கண்டார். 1807-ல் ஓல்பர்ஸே கன்னி மண்டலத்தில் வெஸ்டாவைக் கண்டார். அன்றைக்கு இருந்திருந்தால் நீங்களும் நானும் உடைந்த கோளை நம்பியிருப்போம்.

அதாவது ஓல்பர்ஸ் சொன்னது தவறு, ஆனால் நல்ல தவறு. எங்கே தேட வேண்டும் என்று சொன்னார். அதனாலேயே, தவறென்றால் எப்படித் தெரியும் என்பதையும் சொன்னதாக ஆயிற்று.

ஆதாரம் திரும்பியது

1845-க்குப் பிறகு சிறுகோள்கள் வரிசையாக அகப்பட ஆரம்பித்தன. அவற்றின் பாதைகள் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை. 1846-ல் நெப்டியூன் கிடைத்தது. டிட்டியஸ்-போடே விதிப்படி அது 388-ல் இருக்க வேண்டும். இருந்ததோ 301-ல். விதியே காலி!

1866-ல் டேனியல் கிர்க்வுட் ஒன்றைக் கவனித்தார். சிறுகோள் பட்டையில் சில தூரங்களில் மட்டும் இடைவெளிகள். உதாரணமாக, வியாழன் ஒரு சுற்று முடிப்பதற்குள் சரியாக மூன்று சுற்று போகும் தூரத்தில் சிறுகோள்கள் மிகக் குறைவு. வியாழனின் ஈர்ப்பு அங்கிருப்பவற்றை இழுத்து இழுத்து வெளியேற்றுகிறது. இன்றைய விளக்கமும் வியாழனைச் சுற்றியே வருகிறது. அதன் ஈர்ப்பு அங்கிருந்த பொருளைக் கலக்கிக்கொண்டே இருந்ததால், ஒன்று சேர்ந்து கோளாக முடியவில்லை. இவை உடைந்த வீட்டின் செங்கற்கள் இல்லை. வீடு கட்ட இறக்கி, கட்டாமலே கிடக்கும் செங்கற்கள்.

எடையையும் பாருங்கள். பட்டையில் உள்ள எல்லாவற்றையும் உருட்டிச் சேர்த்தாலும் நம் நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரிஸ் ஒன்றே. பூமி அளவுள்ள ஒரு கோளை முழுதாகச் சிதறடிக்க, சூரியன் ஒரு வாரம் முழுக்க எல்லாத் திசையிலும் கொட்டும் அளவு ஆற்றல் வேண்டும். எந்த அணுகுண்டும் இதற்குக் கிட்டக்கூட வராது.

கதையாகிப்போன கோள்

அறிவியல் கைவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி அழிந்த கிரேக்கப் புராண இளைஞன் பேட்டனின் பெயர் அந்தக் கோளுக்கு ஒட்டிக்கொண்டது. 1970-களில் சோவியத் எழுத்தாளர் அலெக்சாந்தர் கஸான்த்சேவ், அணுப்போரில் அழிந்த கோள் என்று புனைகதையே எழுதினார். அது கதை, அதில் தப்பில்லை.

1976-ல் செக்கரையா சிட்சின், பழைய சுமேரியக் களிமண் பலகைகளில் இதெல்லாம் இருக்கிறது என்று புத்தகம் போட்டார். 3600 ஆண்டுக்கொருமுறை வரும் 'நிபிரு' என்ற கோளின் துணைக்கோள்கள், 'தியாமத்' என்ற கோளை மோதி உடைத்தனவாம். ஒரு பாதி பூமி, மறு பாதி சிறுகோள் பட்டை. ஆனால் பாபிலோனியப் புராணத்தில் தியாமத் ஒரு கடல் தெய்வம். நிபிரு என்ற பெயர் பெரும்பாலும் வியாழனோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அந்த மொழியைப் படித்த அறிஞர்கள் சிட்சினின் மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை.

அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் வேலை பார்த்த டாம் வான் பிளாண்டர்னின் கதை இன்னும் வருத்தமானது. படித்த வானியலாளர். வெடித்த கோளை உயிர்ப்பிக்கப் பார்த்தார். செவ்வாயே அந்தக் கோளின் நிலாவாக இருந்தது என்று சொல்லி, கடைசியில் செவ்வாயில் தெரிந்த 'முகம்' யாரோ செதுக்கியது என்பது வரை போனார். பிறகு வந்த தெளிவான படங்களில் அந்த முகம் வெறும் மேடாகத் தெரிந்தும் அவர் விடவில்லை.

நிபிரு கதையோ விளையாட்டாக நிற்கவில்லை. 1995 முதல் நான்சி லீடர் என்பவர், ஒரு கோள் பூமிக்கு அருகே வந்து பேரழிவு உண்டாக்கும் என்று இணையத்தில் சொல்லிவந்தார். முதலில் குறித்த நாள் 2003 மே. எதுவும் நடக்கவில்லை. பிறகு மாயன் நாட்காட்டியோடு சேர்ந்து 2012 டிசம்பர் 21 என்று ஆனது. அந்தக் காலத்தில் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதிவந்த நாசா விஞ்ஞானி டேவிட் மாரிசனுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்தன. உலகம் அழிவதைப் பார்ப்பதற்குள் செத்துவிடலாமா என்று கேட்டு எழுதிய சிறுவர் சிறுமியரும் உண்டு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பொய்க் கோள் நம் வயதுப் பிள்ளைகளை எந்த அளவுக்குப் பயமுறுத்தியிருக்கிறது பாருங்கள்.

அப்படியானால் தொலைந்த கோளே இல்லையா?

இருந்தன! 2008 அக்டோபர் 7 அன்று ஒரு சிறுகோள் சூடானின் பாலைவனத்துக்கு மேல் வெடித்தது. கீழே பொறுக்கிய விண்கற்களுக்குள் நுண்ணிய வைரங்கள் இருந்தன. புதன் முதல் செவ்வாய் வரையிலான அளவுள்ள ஒரு பொருளின் உள்ளே இருக்கும் அழுத்தத்தில்தான் அவை உருவாகியிருக்க முடியும் என்று 2018-ல் ஒரு ஆய்வு சொன்னது. சூரியக் குடும்பம் பிறந்த முதல் சில கோடி ஆண்டுகளில் இப்படிப் பல இளங்கோள்கள் மோதி அழிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பூமியில் மோதியதால்தான் நிலாவே வந்தது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அங்கே நகரங்களும் இல்லை, போரும் இல்லை. ஆனால் ஒரு பொடி வைரத்தைப் பார்த்து, 450 கோடி ஆண்டுக்கு முன் அழிந்த உலகத்தை அறிந்துகொள்வது எந்தப் புனைகதைக்கும் குறைந்ததில்லை.

இனி யாராவது உங்களிடம் ஒரு மர்மக் கோளைப் பற்றிச் சொன்னால் உடனே சிரிக்க வேண்டாம். "நீங்கள் சொல்வது தப்பாக இருந்தால் அது எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஓல்பர்ஸிடம் பதில் இருந்தது. நிபிருக்காரர்களிடம் இருந்ததெல்லாம் அடுத்த தேதிதான்.