நாய்க்குட்டிக்கான கழிப்பிடப் பயிற்சி

நாய்க்குட்டிக்கான கழிப்பிடப் பயிற்சி என்பது, வீட்டில் வளர்க்கப்படும் நாய்க்குட்டி சிறுநீரையும் மலத்தையும் அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மட்டும் கழிக்குமாறு பழக்குவதாகும். குட்டி புதிய வீட்டிற்கு வரும் நாளிலேயே, பெரும்பாலும் ஏறத்தாழ எட்டு வார வயதில், இப்பயிற்சி தொடங்கப்படுகின்றது. வீட்டை அசுத்தப்படுத்துவது வளர்ப்பு நாய்கள் கைவிடப்படுவதற்கும் காப்பகங்களில் விடப்படுவதற்கும் உரிய காரணங்களுள் ஒன்றாகும். எனவே இப்பயிற்சி வீட்டின் தூய்மையோடு நாயின் எதிர்கால வாழ்வையும் பாதிக்கக் கூடியது.

உடலியல் அடிப்படை

பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாய் அதன் அடிவயிற்றுப் பகுதியை நக்குவதால் ஏற்படும் தூண்டலாலேயே கழிவு வெளியேறுகின்றது. அக்கழிவைத் தாயே உட்கொண்டு படுக்கையைத் தூய்மையாக வைத்திருக்கும். ஏறத்தாழ மூன்று வார வயதில் குட்டிகள் தாமாகக் கழிக்கத் தொடங்குவதுடன், படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கவும் முற்படுகின்றன. படுக்கும் இடத்தை அசுத்தப்படுத்தாத இவ்வியல்பே பயிற்சிக்கு அடிப்படையாக அமைகின்றது.

குட்டி தொடர்ந்து பயன்படுத்தும் தரையின் தன்மை அதன் நினைவில் பதிகின்றது. புல்லில் பழகிய குட்டி புல்லையும், சிமெண்டுத் தரையில் பழகிய குட்டி சிமெண்டுத் தரையையும் தேடும். பிறந்தது முதல் குறுகிய கூண்டில் தன் கழிவின் மீதே படுத்து வளர்ந்த குட்டிகளிடம் மேற்கூறிய இயல்பு மங்கியிருக்கும். ஆதலால் அவற்றைப் பழக்குவது கடினமாகும்.

சிறுநீரை அடக்கும் ஆற்றல் வயதுடன் படிப்படியாகவே வளர்கின்றது. குட்டியின் வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரமே அது பகலில் அடக்கக்கூடிய உச்ச அளவு என்பது பயிற்சியாளர்கள் கூறும் தோராயக் கணக்காகும். இதன்படி இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரமே எல்லையாகும். விழித்து விளையாடும்போது இது மேலும் குறையும்.

பயிற்சி முறை

இப்பயிற்சி நேர ஒழுங்கு, மேற்பார்வை, பாராட்டு ஆகிய மூன்றையும் சார்ந்தது.

நேர ஒழுங்கு: இரைப்பையில் உணவு சேர்ந்தவுடன் பெருங்குடல் அசைவு தூண்டப்படுவதால், உணவுண்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள் குட்டி மலம் கழிக்க முற்படும். ஆகவே உணவு குறித்த நேரங்களில் தரப்படல் வேண்டும். உறங்கி எழுந்தவுடனும், உணவுக்குப் பின்னரும், விளையாட்டுக்குப் பின்னரும், இரவு உறங்கும் முன்னரும் குட்டியை ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுதல் முறையாகும். மிக இளங்குட்டிகளை இரவில் ஒரு முறையேனும் வெளியே கொண்டு செல்ல நேரிடும்.

மேற்பார்வை: தரையை முகர்ந்து வட்டமிடுதல், விளையாட்டைத் திடீரென நிறுத்துதல், கதவருகே முனகுதல் ஆகியவை கழிக்கப் போவதற்கான அறிகுறிகளாகும். கவனிக்க ஆளில்லாதபோது குட்டியைச் சிறு கூண்டிலோ தடுப்பிட்ட மூலையிலோ விடுவர். கூண்டு, குட்டி நின்று திரும்பிப் படுக்கும் அளவில் இருந்தால் போதுமானது. மிகப் பெரிதாயின் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிக் கொள்ளும். அடக்கும் எல்லையை மீறி அடைத்து வைத்தால் படுக்கையைக் காக்கும் இயல்பே கெட்டுவிடும்.

பாராட்டு: உரிய இடத்தில் கழித்து முடித்த சில நொடிகளுக்குள் அன்பான சொல்லோ சிறு தின்பண்டமோ அளிக்கப்பட வேண்டும். வீட்டிற்குள் வந்த பின் அளித்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டி அதனைக் கொள்ளும்.

அடுக்குமாடி வீடுகளில் செய்தித்தாள், உறிஞ்சு விரிப்பு, மாடமுற்றத்தில் வைக்கப்படும் புல் தட்டு ஆகியவை பயன்படுகின்றன. ஆயினும் தாளில் பழகிய குட்டியைப் பின்னர் வெளியிடத்திற்கு மாற்ற மீண்டும் ஒரு பயிற்சி தேவைப்படும்.

தவறுகளும் தண்டனையும்

குட்டியின் மூக்கைக் கழிவில் தேய்ப்பதும் அடிப்பதும் பயனற்றவை. நடந்து முடிந்த செயலையும் தண்டனையையும் குட்டியால் தொடர்புபடுத்த இயலாது. மாறாக, மனிதர் முன் கழிப்பதே ஆபத்து எனக் கற்று, கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னும் மறைவாகக் கழிக்கத் தொடங்கும். கழிக்கும்போது கண்டால் மெதுவாக ஒலியெழுப்பி நிறுத்தி, வெளியே தூக்கிச் செல்வதே போதுமானது.

அசுத்தமான இடத்தை நொதிகள் அடங்கிய துப்புரவுக் கரைசலால் கழுவுதல் நன்று. மணம் எஞ்சினால் குட்டி அதே இடத்திற்குத் திரும்பும். அமோனியா கலந்த கரைசல்கள் சிறுநீரின் மணத்தை ஒத்திருப்பதால் தவிர்க்கப்படுகின்றன.

நோய்த்தொற்று

1978 அளவில் உலகெங்கும் பரவிய நாய்ப் பார்வோ தீநுண்மம், நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவி, மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. தடுப்பூசித் தொடர் பொதுவாக 6 முதல் 8 வார வயதில் தொடங்கி 16 வாரம் அல்லது அதற்குப் பின்னரே நிறைவு பெறுகின்றது. அதுவரை தெருநாய்கள் நடமாடும் இடங்களைத் தவிர்த்து, சொந்த முற்றத்தையோ மாடியையோ பயன்படுத்துவது பாதுகாப்பானது. நாய் மலத்தில் உள்ள உருண்டைப் புழு, கொக்கிப் புழு ஆகியவை மனிதரையும், குறிப்பாக மண்ணில் விளையாடும் சிறுவரையும் தொற்றக் கூடியவை. எனவே கழிவை உடனுக்குடன் அகற்றுவதும் குடற்புழு நீக்க மருந்தளிப்பதும் இன்றியமையாதவை.

மருத்துவக் காரணங்கள்

நன்கு பழகிய குட்டி மீண்டும் வீட்டில் கழிக்கத் தொடங்கினால், அது சிறுநீர்ப் பாதைத் தொற்றாகவோ குடற்புழுவாகவோ இருக்கலாம். பசும்பால் சில குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். இடைவிடாது சிறுநீர் சொட்டினால் பிறவிக் குறைபாடு உள்ளதா எனக் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வரவேற்கும்போதோ அதட்டும்போதோ சிறிதளவு சிறுநீர் கசிவது மகிழ்ச்சி அல்லது பணிவின் வெளிப்பாடாகும். இது பயிற்சிக் குறைபாடு அன்று. வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கால அளவு

பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாத வயதிற்குள் பழகிவிடுகின்றன. சிறுநீர்ப்பை சிறிதாக உள்ள சிற்றின நாய்களுக்குக் கூடுதல் காலம் தேவைப்படலாம்.

இவற்றையும் பார்க்கவும்

நாய்
இராசபாளையம் நாய்
வெறிநாய்க்கடி நோய்